டிவிடி ரைட்டர்: பெட்டியில் போட்ட வேகமும் டிஸ்கில் இறங்கும் வேகமும்

முகப்பில் 24 எக்ஸ் என்று போட்டிருக்கும் டிவிடி ரைட்டரில் நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு 16 எக்ஸில் எழுத ஆரம்பித்தாலும், திரையில் முதலில் தெரிவது 6 எக்ஸ், 7 எக்ஸ்தான். டிரைவ் கெட்டுவிட்டது, கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று பலர் இங்கேயே பதறிவிடுகிறார்கள். பதற ஒன்றுமில்லை. அந்த எண் வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

டிவிடியில் 1 எக்ஸ் என்றால் நொடிக்கு 1,385 கிலோபைட். சிடியில் 1 எக்ஸ் வெறும் 150 கிலோபைட். அதனால் 16 எக்ஸ் டிவிடி என்பது நொடிக்குச் சுமார் 22 எம்பி. 52 எக்ஸ் சிடியோ 8 எம்பிகூட எட்டாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

டிஸ்கில் தரவு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிச் சுருளாக எழுதப்படுகிறது. உள்விளிம்பில் ஆரம் 24 மில்லிமீட்டர், வெளிவிளிம்பில் 58. மோட்டார் ஒரே சீராகச் சுற்றினாலும், ஒரு சுற்றில் லேசருக்குக் கீழே ஓடும் பாதையின் நீளம் வெளியே போகப் போகக் கூடிக்கொண்டே வரும். வெளிவிளிம்பில் 16 எக்ஸ் கிடைக்க வேண்டுமென்றால் மோட்டார் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளைத் தாண்ட வேண்டும். அதே சுற்றுவேகத்தில் உள்விளிம்பில் கிடைப்பது ஆறரை எக்ஸ் சொச்சம். ஆக, பெட்டியில் போட்டிருக்கும் எண் டிஸ்கின் கடைசி ஓரத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் உச்சம். முழு டிஸ்கின் சராசரி அதைவிட நன்றாகவே குறைவு.

இதை நேரமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு டிஸ்கை 4 எக்ஸில் எழுத 14, 15 நிமிடம். 8 எக்ஸில் 8 முதல் 9 நிமிடம். 16 எக்ஸில் ஐந்தரை நிமிடம் சொச்சம். 24 எக்ஸ் டிரைவில் உச்சத்துக்கு விட்டால் அதிலிருந்து இன்னும் ஒரு நிமிடம் மிச்சமானால் பெரிது. 8-லிருந்து 16-க்குப் போனால் மிச்சமாவது மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் பெரும்பாலானோர் கவனிக்காத விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதும் டிஸ்க்குகளின் தரநிலை 16 எக்ஸோடு நின்றுவிட்டது. 20, 22, 24 எல்லாம் 16 எக்ஸ் டிஸ்கையே அதன் வரம்புக்கு மேல் ஓட்டுவது. எந்தெந்த டிஸ்கை அப்படி ஓட்டலாம் என்று டிரைவின் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) ஒரு பட்டியல் இருக்கும். உங்கள் டிஸ்க் அதில் இல்லையென்றால் 24 எக்ஸ் டிரைவிலும் 16 அல்லது 12 மட்டுமே தேர்வுக்கு வரும்.

எந்த வேகத்தில் எழுதுவது

16 எக்ஸ் டிஸ்க்கை 8 எக்ஸில் எழுதுங்கள். நல்ல டிஸ்க், புது டிரைவ் என்றால் 12 எக்ஸ் வரை போகலாம். இது சும்மா பாதியாகக் குறைத்துச் சொல்வதில்லை. அதிவேகத்தில் டிஸ்க் அதிரும். டிஸ்கின் எடை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்காது. மலிவு டிஸ்க்கில் இந்தக் கோணல் இன்னும் அதிகம். அதிர்வு கூடினால் லேசர் குவியம் தடத்தைவிட்டு நகரும். தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட தடங்கள். வெளிவிளிம்பில் அதிர்வும் வேகமும் ஒன்றாக உச்சத்துக்குப் போவதால் பிழைகள் அங்கேதான் குவியும். எழுதிய டிஸ்க்கில் படத்தின் கடைசி இருபது நிமிடம் மட்டும் திக்கித் திணறினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

‘மெதுவாக எழுத எழுத நல்லது’ என்ற பழைய நம்பிக்கையையும் இதோடு கைவிட வேண்டும். சிடி காலத்து அறிவுரை அது. 16 எக்ஸ் டிஸ்கின் சாயம் அதிவேகத்தில், அதிக லேசர் சக்தியில் மாறும்படி தயாரிக்கப்பட்டது. அதை 2 அல்லது 2.4 எக்ஸில் எழுதினால் சூடு பக்கத்துக்குப் பரவி, எழுதும் குறிகளின் ஓரம் கூர்மை இழந்துவிடும். பல டிரைவ்களில் அந்த வேகத்துக்குச் சரியாகச் சீர்செய்த எழுதும் திட்டமும் இருக்காது. மறுபடி எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க் வேறு வகை. அதில் சாயம் கிடையாது, உலோகக் கலவை. அதன் மேல் அச்சிட்ட வேகத்திலேயே எழுதலாம்.

இரட்டை அடுக்கு டிஸ்க் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். 8 எக்ஸ் போட்டிருந்தாலும் 4 எக்ஸ் போதும். முதல் அடுக்கை உள்ளேயிருந்து வெளியே எழுதிவிட்டு, இரண்டாம் அடுக்கை வெளியேயிருந்து உள்ளே எழுதிக்கொண்டு வரும். அடுக்கு மாறும் இடம் வெளிவிளிம்பில் வருகிறது. பாதி வேலை முடிந்து 50 சதவீதம் அருகே வந்ததும் எழுதுவது நின்றுபோவது இதனால்தான்.

டிஸ்கின் உண்மையான பெயர்

டிரைவுக்கு டிஸ்கின் பிராண்ட் தெரியாது. அட்டையில் யார் பெயர் இருந்தாலும், டிரைவ் படிப்பது டிஸ்கின் உள்வட்டத்தில் முன்பே பதித்திருக்கும் மீடியா கோட் என்ற தயாரிப்பாளர் குறியீட்டை. எம்சிசி 004 என்றால் மிட்சுபிஷி கெமிக்கல் தொழில்நுட்பம். யூடென்000 டி02, டிஒய்ஜி03 என்றால் தையோ யூடென். சிஎம்சி மேக் எம்01 என்றால் சிஎம்சி. இந்தக் குறியீட்டைப் பார்த்து, ‘இந்த டிஸ்க்குக்கு இந்த வேகத்தில் இத்தனை சக்தி, லேசர் துடிப்பின் நீளம் இவ்வளவு’ என்று ஃபர்ம்வேரில் உள்ள திட்டத்தை டிரைவ் எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் பொதுவான திட்டத்தில் எழுதும். வேகத்தையும் பெரும்பாலும் குறைத்துவிடும்.

ஒரே பிராண்ட், ஒரே அட்டை, ஒரே நிறம். போன முறை வாங்கிய ஐம்பது டிஸ்க்கும் அருமை, இந்த முறை பத்துக்கு மூன்று வீண் என்றால் முதலில் குறியீட்டைப் பாருங்கள். பிராண்ட்காரர்கள் பல தொழிற்சாலைகளில் வாங்கி ஒரே பெட்டியில் போட்டு விற்பது சாதாரணம். இம்க்பர்ன் மென்பொருளில் டிஸ்கைப் போட்டதும் வலப்பக்கத் தகவல் பகுதியில் இந்தக் குறியீடும், அந்த டிஸ்க்கில் உங்கள் டிரைவ் எந்தெந்த வேகத்தில் எழுதும் என்ற பட்டியலும் வரும். லினக்ஸில் டெர்மினலில் டிவிடி+ஆர்டபிள்யூ-மீடியாஇன்ஃபோ என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். எழுதுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலும் ஒரு டிஸ்க்கை இப்படிப் பார்த்துவிட்டால், இருபது டிஸ்க் வீணான பிறகு தெரிவது முதலிலேயே தெரிந்துவிடும்.

பழைய டிரைவில் புது டிஸ்க் தகராறு செய்தால், அந்த மாடலின் கடைசி ஃபர்ம்வேர் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபர்ம்வேர் ஏற்றும்போது ட்ரே காலியாக இருக்கட்டும், மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாடல் எண் கடைசி எழுத்து வரை பொருந்தட்டும். பக்கத்து மாடலின் ஃபர்ம்வேரை ஏற்றி வேகம் கூட்டும் வேலை வேண்டாம். நடுவில் நின்றால் டிரைவை மீட்பது கடினம்.

கண்ணாலும் ஒரு சோதனை உண்டு. எழுதாத டிஸ்க்கின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, குழல் விளக்குக்குக் கீழே எழுதும் பக்கத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சாயம் ஒரே சீராக, ஊதா கலந்த நிறத்தில் கண்ணாடி போல இருக்க வேண்டும். வெளிவிளிம்பிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உள்ளே மேகம் மாதிரித் திட்டு, ஊசிமுனைப் புள்ளி, இரண்டு தகடுகளை ஒட்டிய பசையில் குமிழி, இதில் எது தெரிந்தாலும் அந்த டிஸ்க்கை முக்கியமான வேலைக்கு எடுக்காதீர்கள். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. தரவு நடுவில் இருக்கிறது. எழுதி முடித்த பிறகு அதேபோல் சாய்த்துப் பார்த்தால், எழுதிய இடம் ஒரு சாயல் கருத்து, எழுதாத இடத்தோடு சேரும் எல்லை மெல்லிய வட்டக் கோடாகத் தெரியும். நடுநடுவே முடி மாதிரி மெல்லிய வளையங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். டிரைவ் வேகத்தை மாற்றிய இடமோ, சற்று நிறுத்தி லேசர் சக்தியைச் சரிபார்த்த இடமோ அவை. வளையம் முழுவட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் இழுவிய மாதிரி இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

‘வெற்றிகரமாக முடிந்தது’ என்பதன் பொருள்

எழுதி முடித்ததும் மென்பொருள் காட்டும் அந்தச் செய்திக்கு, ‘அனுப்பிய கட்டளையை டிரைவ் மறுக்கவில்லை’ என்பது மட்டுமே பொருள். டிஸ்க்கில் இறங்கியது படிக்க வருமா என்பதற்கு அதில் பதில் கிடையாது. எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபை என்ற பெட்டியில் எப்போதும் டிக் போடுங்கள். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆகட்டும். வேறு எதற்காக இல்லாவிட்டாலும், புகைப்படங்களை டிஸ்க்கில் எழுதிவிட்டு ஹார்ட்டிஸ்க்கிலிருந்து அழிக்கப் போகிறீர்கள் என்றால், வெரிஃபை முடிந்து, வேறொரு டிரைவிலும் படித்துப் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். எழுதிய டிரைவ் தன் எழுத்தைத் தானே படித்துவிடும். அடுத்த டிரைவ் படித்தால்தான் அது நம்பத்தக்கது.

அதற்கு அடுத்த படி, படிக்கும் வேகத்தின் வரைபடம். நீரோ சிடி-டிவிடி ஸ்பீட் போன்ற மென்பொருளில் டிரான்ஸ்ஃபர் ரேட் சோதனை ஓட்டினால், 6 அல்லது 7 எக்ஸில் ஆரம்பித்து 16 வரை வழவழப்பாக ஏறும் கோடு வர வேண்டும். நடுவில் கோடு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், அந்த இடத்தில் டிரைவ் பிழையைத் திருத்த முடியாமல் வேகத்தைக் குறைத்து மறுபடி படித்திருக்கிறது. இன்று படித்துவிட்டது, சில வருடம் கழித்துப் படிக்காமல் போகும் இடம் அதுதான்.

சில டிரைவ்கள் பிழைகளையே எண்ணிக் காட்டும். பிஐஇ என்பது முதல்நிலைத் திருத்தத்தில் அகப்பட்ட பிழை. தொடர்ச்சியான எட்டுத் தொகுப்புகளில் 280-க்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. பிஐஎஃப் என்பது முதல்நிலையில் திருத்த முடியாமல் அடுத்த நிலைக்குப் போனது. ஒரு தொகுப்புக்கு 4-க்குள். 8 எக்ஸில் எழுதிய நல்ல டிஸ்க் இந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்கும். எண்ணைவிட வடிவம் முக்கியம். முழுவதும் சீராகக் கொஞ்சம் பிழை இருப்பது கவலையில்லை. வெளிவிளிம்பில் திடீரென்று மலை போல் எழுந்தால் அடுத்த டிஸ்க்கில் ஒரு படி வேகம் குறையுங்கள், அல்லது டிஸ்க்கை முழுக்க நிரப்பாதீர்கள்.

நிரப்புவது பற்றி: 4.7 ஜிபி என்று போட்டிருப்பது ஆயிரங்களில் எண்ணிய கணக்கு. விண்டோஸ் காட்டும் கணக்கில் அது 4.38 ஜிபி. 4.2-க்குள் நிறுத்திக்கொண்டால் ஆபத்தான ஓரத்தைத் தவிர்த்துவிடலாம். ஒருமுறை மட்டும் எழுதும் டிஸ்க்கில் டிவிடி-ஆர் (மைனஸ்), டிவிடி+ஆர் (பிளஸ்) என்று இரண்டு வகை. மைனஸ் ஆர் டிஸ்க் பிளஸ் ஆரைவிடச் சுமார் 70 லட்சம் பைட் பெரியது என்பதால், மைனஸில் சரியாகப் பொருந்திய இமேஜ் (டிஸ்க்கின் முழு உள்ளடக்கமும் அடங்கிய கோப்பு) பிளஸ்ஸில் ‘இடம் போதவில்லை’ என்று நின்றுவிடும். பாதுகாக்க வேண்டிய தரவு என்றால் 3.5 ஜிபியோடு நிறுத்தி, மிச்சத்தில் டிவிடிசாஸ்டர் மென்பொருளால் பிழைதிருத்தத் தரவைச் சேர்த்து எழுதுவது மிக நல்ல வழி. கீறல் விழுந்த பிறகும் மீட்க ஒரு வாய்ப்பு இருக்கும்.

டிரைவ் நல்லது, கேபிள் கெடுப்பது

அகலப் பட்டைக் கேபிளில் இணையும் பழைய ஐடிஇ டிரைவ் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுதும்போது பஃபர் (எழுதக் காத்திருக்கும் தரவு தங்கும் இடம்) அளவு 100 சதவீதத்திலிருந்து சரிந்து 20, 30 என்று ஆடுகிறது, மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, 16 எக்ஸ் டிரைவ் 4 எக்ஸைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் லேசரைச் சந்தேகிக்காதீர்கள். தரவை நேரே நினைவகத்துக்கு அனுப்பும் டிஎம்ஏ முறையிலிருந்து, எல்லாவற்றையும் பிராசஸரே கடத்த வேண்டிய மெதுவான பிஐஓ முறைக்கு டிரைவ் இறங்கியிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பியில் தரவுப் பரிமாற்றப் பிழைகள் ஆறு சேர்ந்தால் வேகத்தை ஒரு படி இறக்கும்; பிழைகள் மேலும் சேரச் சேர மேலும் இறக்கி, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தாலே இது நடந்துவிடும். தானாக மேலே ஏறாது.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கண்ட்ரோலர் பகுதியைத் திறந்து, டிரைவ் இணைந்திருக்கும் சேனலின் பண்புகளில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் தாவலைப் பாருங்கள். தற்போதைய முறை என்ற இடத்தில் பிஐஓ என்று இருந்தால், அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி தொடக்குங்கள். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் போடும். சில நாளில் மறுபடி இறங்கினால் கேபிள்தான் குற்றவாளி. 40 கம்பி கேபிளை எடுத்துவிட்டு 80 கம்பி கேபிள் போடுங்கள். ஹார்ட்டிஸ்க்கும் ரைட்டரும் ஒரே கேபிளில் இருந்தால் பிரித்துத் தனித்தனிச் சேனலில் மாட்டுங்கள். ஒரு கேபிளில் ஒரு சமயத்தில் ஒரு டிரைவ்தான் பேச முடியும்.

மெல்லிய கேபிளில் இணையும் புதிய சாட்டா டிரைவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில மதர்போர்டுகளில் சிப்செட்டின் சொந்தப் போர்ட்களோடு கூடுதலாகத் தனிக் கண்ட்ரோலர் ஒன்று வைத்து இரண்டு போர்ட் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும். ரைட்டரை அதில் மாட்டினால் டிஸ்க்கை அடையாளம் காணாமல் திணறுவது, எழுதும்போது பாதியில் கைவிடுவது எல்லாம் நடக்கும். சிப்செட் போர்ட்டுக்கு மாற்றினாலே சரியாகிவிடும். வன்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் டிரைவே மை கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போய், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால், எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கியபோது ரெஜிஸ்ட்ரியில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகள் மிச்சமாகிவிட்டன. சிடி-ரோம் டிரைவ்களுக்கான பிரிவில் அந்த இரண்டையும், முதலில் ரெஜிஸ்ட்ரியைப் பேக்கப் எடுத்துக்கொண்டு, நீக்கினால் டிரைவ் திரும்ப வரும்.

யூஎஸ்பியில் வரும் மெல்லிய வெளி டிரைவ்களில் வேகம் டிவிடிக்கு 8 எக்ஸ். யூஎஸ்பி 2.0 அதற்குத் தாராளம். குறை மின்சாரத்தில் வரும். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லிஆம்பியர். மோட்டார் கிளம்பும்போதும் லேசர் எழுதும்போதும் டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். படிப்பது நன்றாக இருந்து, எழுத ஆரம்பித்ததும் ‘டிரைவ் துண்டிக்கப்பட்டது’ என்று விண்டோஸ் ஒலி கேட்டால் காரணம் இதுவே. கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டை விடுத்து, மதர்போர்டிலேயே உள்ள பின்பக்கப் போர்ட்டில் மாட்டுங்கள்; நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டாம்; இரண்டு தலை உள்ள ஒய் கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் ரைட்டரை மாட்டவே கூடாது.

பிழைச் செய்திகள் சொல்வது

‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ மிகவும் கேட்கப்படும் ஒன்று. எழுதும் முன் டிரைவ் டிஸ்கின் உள்விளிம்பில் ஒரு சிறு பகுதியில் வெவ்வேறு சக்தியில் எழுதிப் பார்த்து, எந்தச் சக்தி சரி என்று முடிவு செய்யும். எதுவும் சரிவரவில்லை என்றால் இந்தச் செய்தி. ஒரு வகை டிஸ்க்கில் மட்டும் வந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள். எல்லா டிஸ்க்கிலும் வந்தால் லென்ஸில் தூசு. துடைத்தும் வந்தால் லேசர் களைத்துவிட்டது. ‘செஷன் ஃபிக்சேஷன் எரர்’ கடைசியில் மூடும்போது வருவது. தரவு பெரும்பாலும் இறங்கியிருக்கும், ஆனால் டிவிடி பிளேயர் அதை ஏற்காது. ‘நோ சீக் கம்ப்ளீட்’, ‘டிராக்கிங் சர்வோ’ என்று வந்தால் லேசர் தலை நகரும் பாதையைப் பாருங்கள்; அங்கே கிரீஸ் காய்ந்து தூசோடு பிசினாகியிருக்கும்.

டிரைவா, டிஸ்க்கா என்று பிரிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கடையில் வாங்கிய அச்சிட்ட டிவிடி, பிறகு நீங்கள் எழுதிய டிவிடி ஆர், பிறகு ஆர்டபிள்யூ. லேசர் பலவீனமாகும்போது இந்த வரிசையைத் தலைகீழாக இழக்கும். ஆர்டபிள்யூ திருப்பி அனுப்பும் ஒளி 18 முதல் 30 சதவீதம் மட்டுமே. அச்சிட்ட ஒற்றை அடுக்கு டிஸ்க் 45-க்கு மேல். எனவே ஆர்டபிள்யூ முதலில் படிக்காமல் போகும், அச்சிட்டது கடைசி வரை ஓடும். சிடி எல்லாம் அருமையாக ஓடி, டிவிடி மட்டும் எதுவுமே ஓடவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று இரண்டு தனி லேசர் டயோடு உள்ளே இருக்கிறது. டிவிடி டயோடு போயிருக்கும்.

லென்ஸைத் துடைப்பது

பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க் வேண்டாம். அந்த பிரஷ் சுற்றும் வேகத்தில் லென்ஸைத் தட்டிக்கொண்டே போகும். லென்ஸ் தொங்குவதோ முடி போன்ற மெல்லிய கம்பிகளில். லேப்டாப் வகை மெல்லிய டிரைவில் ட்ரேயை இழுத்தாலே லென்ஸ் தெரியும். டெஸ்க்டாப் டிரைவைக் கழற்ற வேண்டும்.

முதலில் மின்சாரத்தை அணைப்பதற்கு முன் ட்ரேயை வெளியே கொண்டுவந்து முகப்பு மூடியைக் கழற்றிக்கொள்ளுங்கள். ட்ரே வரவில்லையென்றால் மின்சாரத்தை அணைத்துவிட்டு, முகப்பிலுள்ள ஊசித் துளையில் நேராக்கிய பேப்பர் கிளிப்பை நேரே உள்ளே அழுத்துங்கள். ட்ரே ஒரு விரல் அளவு வெளியே வரும், மிச்சத்தைக் கையால் இழுக்கலாம். பிறகு கேபிள்களைப் பிரித்து, அடிப்பக்கம் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகட்டு மூடி வந்துவிடும். கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்த மாதிரி ஈரத்தோடு, லென்ஸின் மேல் எடையே வைக்காமல் ஒரு சுற்று. உலர்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. அவ்வளவே. தேய்க்கக் கூடாது, வாயால் ஊதக் கூடாது. எச்சில் துளி கறையாகும். லென்ஸ் நீல நிறத்தில் தெளிவாகத் தெரிந்தால் சரி. பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சுழல் திருகுகள் லேசர் சக்தியைத் தொழிற்சாலையில் சீர்செய்து வைத்தவை. அதைத் திருகி ‘சக்தி கூட்டுவது’ என்று சொல்லப்படும் வித்தை டயோடை எரித்துவிடும்.

மூடியைத் திறந்த கையோடு ட்ரேயின் ரப்பர் பெல்ட்டையும் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் ‘டர்’ என்று சத்தம் வந்து ட்ரே வராமல் நிற்பது, தட்டினால் வருவது, எல்லாம் பெல்ட் தொய்ந்ததால். பெல்ட்டையும் அது ஓடும் இரண்டு சக்கரங்களையும் ஆல்கஹாலால் துடைத்தாலே பல டிரைவ்கள் பிழைத்துக்கொள்ளும். நன்றாகத் தளர்ந்திருந்தால் அதே அளவு பெல்ட் போட வேண்டும். வெந்நீரில் போட்டுச் சுருக்குவது சில வாரம் தாங்கும்.

மற்ற சில

பழைய டிவிடி பிளேயரில் ஓட வேண்டும் என்றால் மைனஸ் ஆர், அல்லது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் புக் டைப் என்ற குறிப்பை டிவிடி-ரோம் (அச்சிட்ட டிவிடி) என்று மாற்றிய பிளஸ் ஆர். இரண்டாவது பல பிளேயர்களில் முதலாவதைவிட நன்றாக ஓடுகிறது. மாற்றத்தை எழுதும் முன் செய்ய வேண்டும், டிரைவும் அனுமதிக்க வேண்டும். விண்டோஸ் கேட்கும் இரண்டு தேர்வுகளில் ‘யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல’ என்பதை எடுத்தால் அந்த டிஸ்க் பல பிளேயர்களில் வராது, அடுத்ததை எடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு என்றால், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறையாக யூடிஎஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க்கின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள், எடை கோணலாகும். நீர் சார்ந்த மார்க்கரால் நடுவளையத்தில் எழுதுங்கள். வெயிலும் சூடும் சாயத்தின் எதிரி. ஜன்னலோர மேசையில் திறந்து கிடக்கும் டிஸ்க் நீண்ட நாள் நிற்காது. அடுத்தடுத்துப் பத்து டிஸ்க் எழுத வேண்டியிருந்தால், மூன்று, நான்குக்கு ஒரு முறை டிரைவுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். டயோடின் ஆயுளைக் குறைப்பது சூடு.

பழைய டிரைவ் வாங்குவதானால் கையோடு நான்கு டிஸ்க் எடுத்துப் போங்கள்: அச்சிட்ட டிவிடி, ஆர்டபிள்யூ, காலி பிளஸ் ஆர், ஒரு சிடி. ஆர்டபிள்யூவை முதலில் போடுங்கள். இருபது நொடிக்குள் அடையாளம் காணவில்லை என்றால் மற்றதைச் சோதிக்கத் தேவையில்லை. படித்துவிட்டால் பிளஸ் ஆரை முழுதாக 8 எக்ஸில் எழுதி, வெரிஃபை ஓடவிட்டு, இம்க்பர்ன் கடைசி வரியில் சொல்லும் சராசரி வேகத்தைப் பாருங்கள். 7 எக்ஸ் சொச்சம் வந்து, பஃபர் ஒருமுறையும் காலியாகாமல், வெரிஃபையில் கடைசி ஓரம் வரை வேகம் விழாமல் போனால் அந்த டிரைவை வாங்கலாம்.